கழுத்துக் கட்டியும் நுண்ணூசிச் சோதனையும்: ஒரு வரலாற்று நோக்கு

தைரொயிட்டுச் சுரப்பியில் தோன்றும் கட்டிகளின் இயல்பைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே அறிதற்கு, மெல்லிய ஊசியொன்றினாற் கலங்களை உறிஞ்சியெடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கும் முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகின்றது. இச்சோதனை எவ்வளவு நம்பத்தக்கது என்னும் வினாவுக்கு மருத்துவ நூல்கள் சதவீதங்களில் விடை கூறும். அச்சதவீதங்கள் எவ்வாறு பெறப்பட்டன, அவை கூறுவன யாவை, கூறாது விடுவன யாவை என்பன மருத்துவருக்கு மட்டுமே உரிய வினாக்கள் அல்ல. சான்றுகளை ஆராய்ந்து முடிபு காணும் பயிற்சியுடைய கலைப்பீட மாணவரும் அவற்றை எழுப்பலாம். அவ்வினாக்களை வரலாற்று வழியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்முனை முதலாக அக்கரைப்பற்று ஈறாகவுள்ள அம்பாறைக் கரையோர ஊர்களில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதொன்றன்று. தைரொயிட்டுக் கட்டிகள் ஆண்களிலும் பார்க்கப் பெண்களிடத்தே பன்மடங்கு மிகுதியாகத் தோன்றுவன. ஆதலின், இவ்வூர்களில் உம்மாவோ சாச்சியோ மாமியோ கழுத்திற் கட்டியுடன் இருப்பதைக் காணாத குடும்பங்கள் சிலவே எனலாம். 'ஊசி குத்தினாற் கட்டி கலைந்து உடம்பெங்கும் பரவிவிடும்' என்னும் பேச்சும் இங்கே கேட்கப்படாததன்று. இப்பேச்சை வெறும் அறியாமையென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் இதே அச்சத்தை ஒரு காலத்தில் மேலைநாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர்களும் கொண்டிருந்தனர் என்பதை வரலாறு காட்டுகின்றது.

கொர்தோவாவிலிருந்து தொடங்கிய வினா

கழுத்துக் கட்டியை வெட்டலாமா, வெட்டலாகாதா என்று அறிதற்குக் கூரிய கருவியொன்றைச் செலுத்திப் பார்த்தல் பழைமையான ஒரு வழக்காகும். கொர்தோவா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (936–1013), 'அத்தஸ்ரீப்' என்னும் தம் முப்பது பகுதிகளைக் கொண்ட பெருநூலின் இறுதிப் பகுதியைச் சத்திரசிகிச்சைக்கென ஒதுக்கினார். அதிலே தொண்டைக்கு வெளியே தோன்றும் பெருங்கட்டியைப் பற்றிக் கூறுமிடத்து, அது பெண்களிடத்தே மிகுதி என்றும், இயற்கையாய் அமைந்தது, பின்னர் வந்தது என இருவகைப்படும் என்றும் வகுக்கின்றார். பின்னர் வந்ததனுள்ளும் கொழுப்புக் கட்டியை ஒத்தது ஒன்று. குருதிக் குழாயின் வீக்கத்தை ஒத்தது மற்றொன்று. பின்னையது ஆபத்தானது. எனவே கட்டி சிறிதாயிருப்பின், ஊசிபோன்ற ஆய்கருவியாற் சோதித்து, குருதிக் குழாய்களோடு ஒட்டாததென அறிந்த பின்னரே கத்தியை எடுத்தல் வேண்டும் என்பது அவர் அறிவுரை. இந்நூற் பகுதியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே தொலேதோ நகரில் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெராட் இலத்தீனில் மொழிபெயர்க்க, ஐரோப்பியச் சத்திரசிகிச்சையாளர் பல நூற்றாண்டுகள் அதனைப் பயின்றனர்.

இச்செய்தியைக் கொண்டு, நுண்ணூசிச் சோதனையை முசுலிம்களே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கண்டுபிடித்துவிட்டனர் எனப் பெருமை பேசுவாரும் உளர். வரலாற்று மாணவர் இவ்விடத்து நிதானித்தல் வேண்டும். அஸ்ஸஹ்ராவி தேடியது கட்டியினுள் இருந்த பொருளை, கலங்களை அன்று. கலம் என்னும் கருத்தே அவர் காலத்தில் இல்லை. நோய்க்கு இருப்பிடம் கலமே என்னும் கோட்பாட்டை ருடோல்ஃப் வேர்ச்சோ நிறுவியது 1858இல் ஆகும். அஸ்ஸஹ்ராவியின் உண்மைப் பெருமை பிறிதோரிடத்தில் உள்ளது. வெட்டுமுன் அறிதல் வேண்டும், அறியவியலாதபோது கையை மடக்குதல் வேண்டும் என்னும் நெறியை அவர் எழுதி வைத்தார். நுண்ணூசிச் சோதனையின் நோக்கம் இன்றும் அதுவே.

கத்தியின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மயக்கமருந்தும் கிருமிநீக்க முறையும் வந்தபின் கழுத்தறுவை பெருகியது. சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் தியோடர் கொக்கர் ஆயிரக்கணக்கான கண்டக்கழலைகளை அகற்றினார். இறப்புகள் பெரிதும் குறைந்தன. ஆயினும் சுரப்பியை முற்றாக அகற்றப்பட்டவர் சிலர் காலப்போக்கில் உடல் ஊதி, சிந்தனை மந்தமாகி நலிந்தமையை அவரே 1883இல் வெளிப்படுத்தினார். சுரப்பியின் பணி யாதென உலகம் அறிதற்கு அவ்வெளிப்பாடு பெரிதும் துணைபுரிந்தது. 1909இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

அறுவையின் விலை அத்துடன் முடிவதன்று. குரலுக்குரிய நரம்பு சுரப்பியின் பின்புறத்தை ஒட்டிச் செல்கின்றது; அது பழுதுறின் குரல் கெடும். அண்டையிலுள்ள பரா தைரொயிட்டுச் சுரப்பிகள் பழுதுறின் குருதியிற் கல்சியம் குறையும். சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளல் வேண்டும். தைரொயிட்டுக் கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அண்மைக்கால ஆய்வுகளின்படி நூற்றுக்கு ஏழு முதல் பதினைந்து வரையிலானவையே புற்றாக அமைகின்றன. அவ்வாறாயின், கட்டியைக் கண்டவுடன் வெட்டுதல் பலரைத் தேவையின்றித் துன்புறுத்துவதாகும். எதனையும் வெட்டாதிருத்தல் சிலரைக் கைவிடுவதாகும். எதை வெட்டுவது, எதை விடுவது என்னும் இவ்விடர்ப்பாட்டிற்கு விடையாகவே ஊசி வந்தது.

ஊசி வந்ததும் மறைந்ததும் மீண்டதும்

1930இல் நியூ யோர்க் நகரின் மெமோரியல் வைத்தியசாலையைச் சேர்ந்த ஹேய்ஸ் மார்ட்டின், எட்வேர்ட் எலிஸ் ஆகிய இருவரும் ஊசியால் உறிஞ்சிக் கட்டிகளை ஆராயும் முறையைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். அவ்வைத்தியசாலையின் நோயியலறிஞர் பிரெட் ஸ்ருவேட் 1933இல் அதனை விரித்தெழுதினார். அவர்கள் கையாண்டது ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஊசி. இதனை அடுத்துத் தைரொயிட்டுக் கட்டிகளில் இழையத் துண்டையே வெட்டியெடுக்கும் சில்வர்மன் ஊசிபோன்ற பெரிய ஊசிகளும் பயன்படுத்தப்பட்டன. பெரிய ஊசி குருதிப்பெருக்கை உண்டாக்கும். ஊசி சென்ற வழியே புற்றுக்கலங்கள் பரவவும் கூடும் என்று சத்திரசிகிச்சையாளர் பலர் அஞ்சினர். இதனால் அமெரிக்காவில் இம்முறை நீண்டகாலம் பரவலாகாது நின்றது. எமது ஊர்ப் பெண்கள் இன்று கூறும் அச்சம் அன்றைய நிபுணர்களின் அச்சமே என்பதை இவ்விடத்து நினைத்தல் தகும். பெரிய ஊசியைப் பொறுத்தவரை அவ்வச்சம் அடிப்படையற்றதும் அன்று.

அச்சத்தை நீக்கியது வாதம் அன்று. ஊசியின் பருமன் குறைந்தமையும் அனுபவத்தின் திரட்சியுமே ஆகும். 1950களில் சுவீடனில் நீல்ஸ் சொடர்ஸ்ரோம் கண்டக்கழலைகளை மெல்லிய ஊசியால் உறிஞ்சியாராயும் முறையை எழுதினார். ஸ்ரொக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவ மனையில் சிக்ஸ்ரன் ஃபிரான்சென், யோசெஃப் சாயிசெக், தோர்ஸ்ரன் லோவ்ஹாகன் முதலானோர் அதனை வளர்த்தெடுத்தனர். ஒரு கையாற் கட்டியைப் பற்றிக்கொண்டு மறுகையால் உறிஞ்சுதற்கு ஏற்ற பிடியையும் ஃபிரான்சென் அமைத்தார். குருதியை ஆராய்ந்து பழகியோர் இப்பணியில் ஈடுபட்டமையால், குருதிப் பூச்சுக்கு வழங்கிய சாயமூட்டும் முறையே இங்கும் கையாளப்பட்டது. இன்று வழங்கும் ஊசியின் தடிப்பு அரை மில்லிமீற்றரை ஒட்டியது. அதன் வழியே தைரொயிட்டுப் புற்று பரவியமை உலக இலக்கியத்தில் மிக அரிதாகவே பதிவாகியுள்ளது. 1970களில் வட அமெரிக்கா இம்முறையை மீளவும் ஏற்றுக்கொண்டது. ஓரிடத்திற் கைவிடப்பட்ட முறையொன்று பிறிதோரிடத்தில் திருந்தி மீளுதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன.

எண்கள் கூறுவதும் கூறாததும்

1993இல் கரீப், கோல்னர் ஆகிய இருவரும் ஏழு தொகுதிகளைச் சேர்ந்த 18,183 சோதனைகளின் பெறுபேறுகளைத் திரட்டி வெளியிட்டனர். அவற்றுள் 69 சதவீதம் தீங்கற்றவை எனவும், 4 சதவீதம் புற்று எனவும், 10 சதவீதம் ஐயத்திற்குரியவை எனவும் வகுக்கப்பட்டன. எஞ்சிய 17 சதவீதத்திற் போதிய கலங்கள் கிடைக்கவில்லை. புற்றுள்ளோரை இனங்காணும் ஆற்றல் சராசரி 83 சதவீதம். புற்றில்லாதோரை விலக்கும் ஆற்றல் 92 சதவீதம். இச்சோதனை வழக்கிற்கு வந்தபின் அறுவைக்கு உட்படுவோர் தொகை காற்பங்கு குறைந்ததாகவும், அறுவை செய்யப்பட்டோருட் புற்றுடையோர் 15 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்திற்கேனும் உயர்ந்ததாகவும் அவர்கள் எழுதினர். அஃதாவது கத்தி குறைவாகவும் தக்க இடத்திலும் பட்டது.

இவ்வெண்களின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கட்டியுள்ள ஆயிரம் பெண்களுள் நூறு பேருக்குப் புற்று உண்டு எனக் கொள்வோம். மேற்குறித்த ஆற்றல்களின்படி ஊசி அந்நூற்றுவருள் 83 பேரைச் சுட்டும். 17 பேரைத் தவறவிடும். புற்றில்லாத தொளாயிரவருள் 72 பேரையும் அது தவறாக ஐயுறும். எனவே ஊசி ஐயுறும் 155 பேருள் 83 பேருக்கே புற்று உண்டு. ஏறத்தாழப் பாதிப்பேர் வீணே அஞ்சியோராவர். ஊசி 'தீங்கற்றது' எனக் கூறும் 845 பேருள் 17 பேர், அஃதாவது நூற்றுக்கு இருவர், ஏமாற்றப்பட்டோராவர். ஒரே சோதனையின் ஒரு விடை பெரிதும் நம்பத்தக்கதாகவும், மற்றொரு விடை மேலும் ஆராயத்தக்கதாகவும் அமைவதை இதனால் அறியலாம். 'ஊசிச் சோதனை சரியா, பிழையா?' என ஒற்றை விடை வேண்டி நிற்றல் பொருத்தமற்றது.

இவ்வெண்கள் பெறப்பட்ட முறையும் நோக்கற்பாலது. ஊசியின் கூற்று உண்மைதானா என்பதை அறிதற்கு, அகற்றப்பட்ட சுரப்பியை ஆராய்தல் வேண்டும். ஆனால் ஊசி தீங்கற்றது எனக் கூறிய கட்டிகளுட் பெரும்பாலானவை அகற்றப்படுவதே இல்லை. ஆகவே இவ்வாறான கணிப்புகள் அறுவைக்கு உட்பட்டோரையே பெரிதும் சார்ந்தவை. நீதிமன்றப் பதிவேடுகளை மட்டும் கொண்டு ஓர் ஊரின் வரலாற்றை எழுதுபவர், அவ்வூரார் அனைவரும் வழக்காடியோர் என முடிவுசெய்துவிடக் கூடும். அத்தகையதோர் இடர் இங்கும் உண்டு. நீண்டகாலம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளே இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன.

ஊசி காணாத வேலி

தவறுகள் எவ்வாறு நேர்கின்றன? ஊசி கட்டியின் நோயற்ற பகுதியில் இறங்கலாம். நீர் நிறைந்த கட்டியிற் கலங்கள் அகப்படாமற் போகலாம். குருதி மிகுந்து கலங்களை மறைக்கலாம். பூச்சு தடித்துவிடலாம். நோக்குபவரின் கண்ணும் தவறலாம். இவையாவும் திறமையினாலும், ஒலியலைப் படத்தைப் பார்த்து ஊசியைச் செலுத்துவதனாலும் குறைக்கத்தக்கன. குறைந்தது பத்துக் கலங்கள் கொண்ட ஆறு தொகுதிகளேனும் தெளிவாகக் காணப்பட்டாலன்றி முடிவு கூறலாகாது என்னும் விதியும் இதனாலேயே வகுக்கப்பட்டது.

திறமையால் நீக்கவியலாத குறையொன்றும் உண்டு. தைரொயிட்டுப் புற்றில் மிகப் பரவலானதாகிய பப்பிலரி வகையைக் கலத்தின் கருவைக் கொண்டே இனங்காணலாம். கரு வெளிறிப் பெருத்து, கோப்பி விதையிற் போன்ற பள்ளக்கோட்டுடன் தோன்றும். பொலிக்குலர் வகையோ அத்தகையதன்று. அதன் கலமும் தீங்கற்ற பொலிக்குலர் கட்டியின் கலமும் தோற்றத்தில் ஒன்றே. கட்டியைச் சூழ்ந்த உறையை அல்லது குருதிக் குழாயைக் கலங்கள் ஊடுருவியுள்ளனவா என்பதே இரண்டையும் வேறுபடுத்துவது. வளவினுள் அள்ளிய ஒரு பிடி மண்ணைக் கொண்டு, வேலி தாண்டப்பட்டதா என்பதைக் கூறுதல் எவ்வாறு இயலும்? வேலியையே பார்த்தல் வேண்டும். அதற்குக் கட்டியை அகற்றுதல் வேண்டும்.

இவ்விடத்து இலங்கையின் வரலாறு இச்சோதனையின் வரலாற்றோடு வந்து இணைகின்றது. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயம் கண்டக்கழலை மிகுந்த பிரதேசமாக நெடுங்காலம் அறியப்பட்டது. 1989இல் வெளியான ஆய்வொன்று பாடசாலை மாணவரிடை 18.8 சதவீதத்தினருக்குக் கண்டக்கழலை உண்டெனக் கண்டது. களுத்துறையில் அது 30.2 சதவீதமாகவும் மாத்தளையில் 6.5 சதவீதமாகவும் இருந்தது. 1995 முதல் நாடு முழுவதும் உப்பில் அயடீன் சேர்க்கப்பட்டது. கடலருகே வாழ்வோர்க்கு அயடீன் உப்பு எதற்கு என எமது கரையில் எண்ணுவோர் உளர். கடல்மீனில் அயடீன் உண்டு என்பது உண்மையே; ஆயின் கடல்நீரைக் காயவைத்துப் பெறும் உப்பில் எஞ்சும் அயடீன் மிகச் சொற்பமே. அயடீன் குறைந்த நாடுகளிற் பொலிக்குலர் வகைப் புற்றின் பங்கு கூடுதலாகவும், அயடீன் சேர்க்கப்பட்டபின் பப்பிலரி வகையின் பங்கு கூடுதலாகவும் அமைந்தமை பல நாடுகளிற் பதிவாகியுள்ளது. ஊசியால் வேறுபடுத்தவியலாதது முன்னையது. நன்கு அறியத்தக்கது பின்னையது. எனவே சமையலறை உப்பின் மாற்றம் ஊசியின் துல்லியத்தையும் மாற்றவல்லது. ஓரிடத்தில், ஒரு காலத்திற் பெறப்பட்ட சதவீதத்தைப் பிறிதோரிடத்திற்கு அப்படியே பெயர்த்தெடுத்தல் தகாது.

ஆறு படிகள்

நீண்டகாலம் ஒவ்வொரு மருத்துவ மனையும் தனக்குத் தோன்றியவாறு பெறுபேற்றை எழுதியது. ஒருவர் 'ஐயம்' என்றது மற்றொருவருக்கு வேறு பொருள் தந்தது. இக்குழப்பத்தை நீக்குதற்கு 2007இல் அமெரிக்காவின் பெதெஸ்டா நகரிலே அறிஞர் கூடினர். அதன் பயனாக 2009இல் வெளிவந்த முறை, விடைகளை ஆறு படிகளாக வகுத்தது. முதலாவது, போதிய கலமின்மை. இரண்டாவது, தீங்கற்றது, இதிற் புற்றாகும் வாய்ப்பு 0–3 சதவீதம். மூன்றாவது, பொருள் தெளிவற்ற மாற்றம், 5–15 சதவீதம். நான்காவது, பொலிக்குலர் கட்டி அல்லது அதன் ஐயம்; 15–30 சதவீதம். ஐந்தாவது, புற்றென ஐயுறத்தக்கது, 60–75 சதவீதம். ஆறாவது, புற்று, 97–99 சதவீதம். 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் இம்முறை திருத்தப்பட்டது. முன்னர் புற்றெனக் கருதப்பட்ட உறைக்குட்பட்ட கட்டிவகையொன்று 2016இற் புற்றுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டமை அத்திருத்தத்திற்கு ஒரு காரணமாகும். ஊசி மாறவில்லை, கலமும் மாறவில்லை. 'புற்று' என்னும் சொல்லின் எல்லை மாறியது. அத்துடன் ஊசியின் பழைய சரி பிழைக் கணக்கும் மாறியது.

இம்முறையின் சிறப்பு, அறியாமைக்கும் ஓர் இடம் வகுத்தமையே. மூன்றாம், நான்காம் படிகள் 'ஊசியால் இதற்குமேற் கூறவியலாது' எனத் திறந்து கூறுவன. ஒவ்வொரு படியும் அடுத்துச் செய்யத்தக்கதையும் காட்டுகின்றது: முதலாவதில் மீளவும் ஊசி, இரண்டாவதிற் பின்தொடர்தல், மூன்றாவதிற் பெரும்பாலும் மீள்சோதனை, நான்காவதிற் பெரும்பாலும் சுரப்பியின் ஒரு பாதியை அகற்றி ஆராய்தல், இறுதி இரண்டிலும் சத்திரசிகிச்சை.

துல்லியமான சோதனையும் அளவறியாது பயன்படுத்தப்படின் தீங்கு தரும் என்பதற்குத் தென் கொரியா சான்றாகும். அங்கே பரவலான ஒலியலைப் பரிசோதனையால் மிகச் சிறு கட்டிகளும் கண்டறியப்பட்டு ஊசிக்கு உட்பட்டன. 2011இல் அங்குப் பதிவான தைரொயிட்டுப் புற்றின் வீதம் 1993இல் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்காகியது. இறப்பு வீதமோ மாறவில்லை. ஊசி அங்கே பொய் கூறவில்லை. கேட்கத் தேவையற்ற கேள்வி அதனிடம் கேட்கப்பட்டது.

எமது கரைக்கு உரியது யாது?

கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் ஆதார வைத்தியசாலையும் உள்ளன. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை வடக்கே அண்மையில் உள்ளது. மகரகமவிலுள்ள தேசிய புற்றுநோய் வைத்தியசாலையோ நாட்டின் மறுகரையை அடுத்தது. அவ்வளவு தூரம் செல்வதா, கட்டியை வெட்டுவதா, காத்திருப்பதா என்னும் முடிவை எமது பெண்கள் பெரும்பாலும் குடும்பத்தாரோடு கூடியே எடுக்கின்றனர். அம்முடிவுக்கு ஆதாரமான அறிக்கை ஆங்கிலத்தில் உள்ளது. 'தீங்கற்றது' என்னும் விடையை 'இனி ஒருபோதும் பார்க்கவேண்டியதில்லை' என ஒரு வீட்டாரும், 'ஐயத்திற்குரியது' என்னும் விடையை 'புற்றுதான்' எனப் பிறிதொரு வீட்டாரும் கொள்வராயின், முன்னவர் பின்தொடர்தலைக் கைவிடுவர். பின்னவர் அச்சத்தால் வைத்தியசாலையையே கைவிடுவர். நோயியலறிஞர் எவ்வளவு திறமையுடன் நோக்கினும், அறிக்கை வாசற்படி தாண்டும்போது அதன் துல்லியம் கெட்டுவிடுகின்றது. இலங்கையிற் பெண்களைப் பாதிக்கும் புற்றுநோய்களுள் முன்னணியில் உள்ளவற்றுள் தைரொயிட்டுப் புற்றும் ஒன்று என்பதை நோக்கின், இது சிறிய குறை அன்று.

இக்குறையை நீக்கும் பணிக்குத் தமிழில் முன்னோடி உண்டு. மானிப்பாயிற் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884), மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் முழு நூல்களுக்கே இயன்ற மொழிக்கு, இன்று ஆறு படிகளைக் கொண்ட ஓர் அறிக்கை இயலாததன்று.

ஆகவே மருத்துவபீட மாணவரும் கலைப்பீட மாணவரும் கூடி, இவ்வாறு படிகளின் பெயர்களையும், அவற்றின் வாய்ப்பளவையும், ஒவ்வொன்றின்பின் செய்யத்தக்கதையும் எமது கரையோர மக்களின் பேச்சுக்கு அணித்தான தமிழில் ஒரு பக்க அளவிற் செம்மையாக எழுதி, நோயியலறிஞரின் ஒப்புதலுடன் வைத்தியசாலைகளுக்கு வழங்குதல் நன்று. 'ஊசி குத்தினாற் பரவுமா?' என்னும் வினாவையும் அதில் முதலாவதாக இடுதல் வேண்டும். அவ்வச்சம் எந்தக் காலத்து எந்த ஊசிக்கு உரியது, இன்றைய ஊசி எத்தன்மையது என்பதை மறைக்காது கூறின், கேட்போர் ஏற்பர். தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்றாகும்.